சாலையில் டயர் விட்டுச் சென்ற சாட்சி



விடியற்காலையில் ஒரு வாகனம் சைக்கிளில் சென்ற ஒருவரை மோதிவிட்டு நிற்காமல் ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தெருவில் வேறு யாரும் இல்லை. வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ள ஆள் இல்லை. அடிபட்டவரோ பேசும் நிலையில் இல்லை. அப்படியானால் நடந்ததைச் சொல்லச் சாட்சியே கிடையாதா? உண்டு. அந்தச் சாட்சிக்கு வாயும் இல்லை, கண்ணும் இல்லை. தார்ச்சாலையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புத் துகள்தான் அது. ஓடிப்போன வண்டியின் டயர் விட்டுச் சென்ற ரப்பர்த் துகள்.

அந்தத் துகளைப் பேசவைக்க மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான், அது எவ்வளவு பேசும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் என்னும் வரலாற்றை இன்றைய உரையில் காண்போம். இந்த வரலாறு நமக்கு அந்நியமானதன்று. பால்மரத்தைச் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துத் தூக்கிச் சுமந்த கைகளுக்கும் இந்தச் சாட்சிக்கும் நேரான உறவு இருக்கிறது.

மோட்டார் வண்டி பிறந்த காலத்திலேயே இந்தச் சிக்கலும் பிறந்துவிட்டது. 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆம் நாள், லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் என்னும் இடத்தில், பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவரே என்று கூறப்படுகிறது. மரண விசாரணை நடைபெற்றது. வண்டி மணிக்கு நான்கு மைல் வேகத்தில்தான் சென்றது என்றார் ஓட்டியவர். அதாவது மனிதன் நடக்கும் வேகம்! நேரில் பார்த்த ஒருவரோ, நல்ல குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும் வேகத்தில் வந்தது என்று சாட்சியம் அளித்தார். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. எது உண்மை என்று அளந்து பார்க்க அன்று வழி ஏதும் இருக்கவில்லை. முடிவில் அது தற்செயலான மரணம் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர்.

கண்ணால் கண்டவர் இருவர் இருந்தால் கதையும் இரண்டு ஆகிவிடுகிறது. அச்சத்தில் பார்த்த கண் வேகத்தைக் கூட்டிச் சொல்லும். குற்ற உணர்ச்சியில் பேசும் நா வேகத்தைக் குறைத்துச் சொல்லும். ஆகவே, கூட்டவும் குறைக்கவும் தெரியாத சாட்சி ஒன்று தேவைப்பட்டது. அதைத் தேடும் வழியை எல்லாருக்கும் தெளிவாகக் காட்டியவர் பிரான்ஸ் நாட்டின் எட்மண்ட் லொக்கார்ட் என்ற அறிஞர்.

லொக்கார்ட் 1910ஆம் ஆண்டில் லியோன் நகரில், நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடத்தில் இருந்த இரண்டு சிறிய அறைகளில் போலீஸ் பரிசோதனைக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டால் ஒவ்வொன்றும் மற்றதன்மேல் தன்னில் சிறிதளவையேனும் விட்டுச் செல்லும் என்பதே அவர் வற்புறுத்திய கருத்து. மாவு பிசைந்தவள் கையில் மாவு இருக்கும். வண்ணம் பூசியவன் சட்டையில் வண்ணம் இருக்கும். அதுபோலவே, சாலையைத் தேய்த்துச் சென்ற டயரின் ரப்பர் சாலையில் இருக்கும். இந்த ஒரே கருத்திலிருந்து ஒரு பெரிய விஞ்ஞானமே வளர்ந்தது.

முதலில் மனிதன் படித்தது தடத்தின் வடிவத்தைத்தான். மண் சாலையிலோ சேற்றிலோ ஓடிய டயர், தன்மேல் உள்ள பள்ளங்களையும் மேடுகளையும் அச்சுப்போல் பதித்துவிட்டுப் போகும். டயரில் ஒரு வெட்டுக் காயமோ, ஒரு பக்கத் தேய்மானமோ இருந்தால் அதுவும் பதியும். செருப்பின் தேய்மானத்தைக் கண்டே இது இன்னாருடைய செருப்பு என்று நாம் சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதே முறைதான்.

தார்ச்சாலையில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் சுழல்வது நின்று, டயர் இழுபட்டுக்கொண்டே போகும். அப்போது கறுப்புக் கோடு விழுகிறது. அந்தக் கோட்டின் நீளத்தைக் கொண்டு வண்டியின் வேகத்தைக் கணக்கிடலாம் என்பதை இயற்பியல் காட்டியது. எடுத்துக்காட்டாக, காய்ந்த நல்ல தார்ச்சாலையில் நான்கு சக்கரங்களும் இறுகிய நிலையில் 30 மீட்டர் இழுபட்டு நின்ற கார், பிரேக் பிடித்த நேரத்தில் மணிக்கு ஏறத்தாழ 73 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்க வேண்டும். சாலை ஈரமாக இருந்தால் கணக்கு மாறும். ஆயினும் 1896இல் லண்டன் விசாரணையில் இல்லாமற்போன அளவுகோல் ஒன்று கைக்கு வந்துவிட்டது.

ஆனால் வடிவத்தை மட்டும் நம்பியிருப்பதில் இரண்டு குறைகள் உண்டு. இழுபட்ட டயர் விடும் கோடு மெழுகியதுபோல் இருப்பதால் அதில் பள்ளமும் மேடும் தெரிவதில்லை. எந்த வண்டியின் கோடு அது என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது குறை பின்னால் வந்தது. 1978ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கிய புதுவகைப் பிரேக் மெர்சிடிஸ் கார்களில் பொருத்தப்பட்டது. ஏ.பி.எஸ். என்று அதனைச் சொல்கிறோம். எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் முழுவதும் இறுகி நின்றுவிடாதபடி அது காக்கிறது. ஓட்டுபவருக்கு அது பெரும் பாதுகாப்பு. ஆனால் சாலையில் விழும் கோடு மிகவும் மங்கிவிடுகிறது. சில வேளைகளில் கண்ணுக்கே தெரிவதில்லை. அப்போதும் ரப்பர் தேயத்தான் செய்கிறது, துகள் விழத்தான் செய்கிறது. கண் பார்க்க முடியாததை வேறொரு வழியில் பார்க்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. அந்த வழிதான் இரசாயன ஆய்வு.

இரசாயன ஆய்வு எப்படி உதவும் என்பதை அறிய, டயருக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். கறுப்பாக, உருண்டையாக எல்லா டயரும் ஒன்றுபோலவே தெரிகிறது. உண்மையில் டயர் என்பது குழம்பு வைப்பதைப் போன்ற ஒரு கூட்டுச் சமையல். வீட்டுக்கு வீடு குழம்பின் பக்குவம் மாறுவதுபோல, கம்பெனிக்குக் கம்பெனி டயரின் பக்குவமும் மாறும்.

அந்தச் சமையலின் முதற்பொருள் நம் தோட்டங்களில் வடிந்த பால். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரமே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்து சில கோலகங்சாரிலும் நடப்பட்டன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஹென்றி ரிட்லி சிங்கப்பூரில் செம்மைப்படுத்தினார். அதன்பின் காடு அழிந்து தோட்டம் எழுந்ததையும், அந்தத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் கப்பலேறி வந்ததையும் நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

பச்சை ரப்பரால் மட்டும் டயர் செய்ய முடியாது. அது வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் கலந்து சூடேற்றினால் அது உறுதியும் வளையும் தன்மையும் பெறுவதைக் கண்டார். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரைத் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகச் செய்தார். அக்காலத்து டயர் கறுப்பாக இருக்கவில்லை என்றால் வியப்பாக இருக்கும். வெளிறிய நிறத்தில்தான் இருந்தது. 1904இல் லண்டனின் சில்வர்டவுன் பகுதியில் இருந்த ரப்பர்த் தொழிற்சாலையில், நுண்ணிய கரியைக் கலந்தால் ரப்பர் பன்மடங்கு உறுதியாகிறது என்று கண்டறிந்தனர். கரி சேர்ந்ததனால் டயர் கறுத்தது. 1906இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஒயன்ஸ்லாகர், கந்தகம் ரப்பரோடு விரைவாகச் சேர உதவும் இரசாயனங்களைக் கண்டார். இவற்றோடு துத்தநாக ஆக்சைடு, எண்ணெய், வெயிலாலும் காற்றாலும் டயர் வெடிப்பு விடாமல் காக்கும் மருந்துகள் ஆகியவையும் சேர்ந்தன. இத்தனை பொருள் சேர்ந்தால் இத்தனை அடையாளம் சேர்ந்தது என்று பொருள்.

பெரிய அடையாளம் ஒன்றைப் போர் கொண்டுவந்து சேர்த்தது. 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் புகுந்த ஜப்பானியர், 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரையும் பிடித்தனர். தோட்டங்களில் பால்வெட்டு முடங்கியது. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே மாண்டனர். அதே வேளையில் உலகின் மறுகோடியில் அமெரிக்கா ரப்பரின்றித் தவித்தது. ஜெர்மானியர் 1929ஆம் ஆண்டிலேயே, பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்னும் இரண்டு பொருள்களைச் சேர்த்துச் செயற்கை ரப்பர் செய்யும் வழியைக் கண்டிருந்தனர். அவ்வகை ரப்பரை அமெரிக்கா பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1941இல் ஆண்டு முழுவதற்கும் சில நூறு டன்களே செய்த நாடு, 1945இல் மாதத்திற்கே ஏறக்குறைய 70,000 டன் செய்தது.

போர் முடிந்த பிறகு டயர்கள் இரண்டு குலமாகப் பிரிந்தன என்று சொல்லலாம். பாரம் ஏற்றும் லோரியின் டயர் சூட்டைத் தாங்க வேண்டும். அதற்கு மரத்துப்பாலே சிறந்தது. ஆகவே லோரி டயரில் இயற்கை ரப்பர் மிகுதி. கார் டயரில் செயற்கை ரப்பரின் பங்கு மிகுதி. அமெரிக்க டயர் உற்பத்தியாளர் சங்கம் தரும் பொதுக் கணக்கின்படி, கார் டயரின் எடையில் இயற்கை ரப்பர் 19 விழுக்காடு, செயற்கை ரப்பர் 24 விழுக்காடு. லோரி டயரிலோ இயற்கை ரப்பர் 34 விழுக்காடு, செயற்கை ரப்பர் 11 விழுக்காடுதான். மீதமுள்ளவை கரியும் கம்பியும் மற்றவையும். கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரியும் இரண்டு கோடுகளில் ஒன்று லோரியுடையதாகவும் மற்றொன்று காருடையதாகவும் இருக்கலாம் என்றால், அதைச் சொல்லக்கூடியது இந்த உள்வேறுபாடுதான்.

சரி, கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாட்டை எப்படிப் பார்ப்பது? இங்கேதான் பழைய கண்டுபிடிப்பு ஒன்று துணைக்கு வருகிறது. 1826இல் மைக்கேல் பாரடே என்ற மாபெரும் விஞ்ஞானி, ரப்பரில் கரியும் நீரகமும் எந்த விகிதத்தில் உள்ளன என்று கண்டார். 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் என்ற ஆங்கில இரசாயன அறிஞர் ரப்பரைச் சூடேற்றி, அதிலிருந்து எழுந்த ஆவியைக் குளிரவைத்து ஒரு திரவத்தைப் பிரித்தெடுத்தார். அதற்கு ஐசோபிரீன் என்று பெயரிட்டார். ஐசோபிரீன் என்னும் சிறு மணிகளைக் கோத்த நீண்ட மாலைதான் இயற்கை ரப்பர். மாலையைச் சூட்டினால் அறுத்தால் மணி உதிர்கிறது. உதிர்ந்த மணியைப் பார்த்து, அறுந்தது எந்த மாலை என்று சொல்லிவிடலாம்.

நூறாண்டுகளுக்குப் பின் அந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் கருவி வந்தது. 1952இல் இங்கிலாந்தில் ஆர்ச்சர் மார்ட்டின், ஆண்டனி ஜேம்ஸ் ஆகிய இருவரும் கேஸ் குரோமட்டோகிராபி என்னும் முறையை உருவாக்கினர். பெயர் நீளமாக இருந்தாலும் கருத்து எளியது. பத்துமலைத் தைப்பூசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தார் அனைவரும் ஒரே நேரத்தில் கடைத்தெருவின் ஒரு முனையில் புறப்படுகிறார்கள். தாத்தாவுக்குக் கடைகளில் ஆசை இல்லை. நேராக நடந்து மறுமுனைக்கு முதலில் வந்துவிடுகிறார். அம்மா வளையல் கடையில் சிறிது நேரம் நிற்கிறார். பிள்ளைகளோ ஒவ்வொரு கடையிலும் நின்று கடைசியில் வருகிறார்கள். மறுமுனையில் ஒருவர் கடிகாரத்துடன் நின்றால், வந்து சேரும் நேரத்தைக் கொண்டே யார் யார் என்று குறித்துவிடலாம்.

கருவியில் உள்ள கடைத்தெரு, மயிரிழை போன்ற மெல்லிய நீண்ட குழாய். பெரும்பாலும் அது 30 மீட்டர் நீளமிருக்கும், சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதன் உட்புறத்தில் ஒரு பூச்சு இருக்கிறது. ஆவிகளை வாயு ஒன்று குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகும். பூச்சின்மேல் ஒட்டிக்கொள்ளும் இயல்புடைய ஆவி தாமதமாகவும், ஒட்டாத ஆவி விரைவாகவும் வெளியே வரும். 1950களின் நடுப்பகுதியிலேயே ரப்பர், பிளாஸ்டிக் போன்றவற்றைச் சுட்டு, எழும் ஆவியை இக்கருவிக்குள் அனுப்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டனர். பிற்காலத்தில் குழாயின் முடிவில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் மற்றொரு கருவியும் பொருத்தப்பட்டது. வந்தவர் யார் என்று அடையாள அட்டை பார்ப்பதுபோல, ஒவ்வோர் ஆவியின் மூலக்கூறையும் அது உடைத்து எடை பார்த்துப் பெயர் சொல்லிவிடும்.

டயர்த் துகளை ஆராயும்போது, காற்றில்லாத ஒரு சிறு அறையில் அதனை 600, 700 டிகிரி செல்சியஸ் வரை நொடிப்பொழுதில் சூடேற்றுவார்கள். காற்றில்லாததால் அது எரிந்து சாம்பலாகாமல் உடைந்து ஆவியாகிறது. மரத்துப்பால் ரப்பர் உடைந்தால் ஐசோபிரீனும், அதன் இரண்டு மணிகள் சேர்ந்த லிமோனீனும் எழும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களில் உள்ள லிமோனீனேதான் அது! செயற்கை ரப்பர் உடைந்தால் ஸ்டைரீனும் பியூட்டாடையீனும் எழும். கலந்து செய்த டயரானால் எல்லாமே எழும், ஆனால் அளவு மாறும். இதற்கு வேண்டிய துகள் எவ்வளவு தெரியுமா? கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு துணுக்கே போதும்.

சாலையிலிருந்து அந்தத் துணுக்கை எடுப்பதும் ஒரு கலை. முதலில் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுப்பார்கள். பிறகு பசையுள்ள தாளையோ, ஜெலட்டின் பூசிய தகட்டையோ சாலையின்மேல் அழுத்தி எடுப்பார்கள். ஒட்டிவந்த மணல், தார், தூசு ஆகியவற்றுக்கிடையே ரப்பர்த் துகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ஊசிமுனையால் பொறுக்குவார்கள். கோடு விழாத பக்கத்து இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுப்பார்கள். ஏன்? அன்றாடம் ஓடும் நூற்றுக்கணக்கான வண்டிகளின் ரப்பரும் அதே சாலையில் தூசாகக் கிடக்கிறது. புதிதாக விழுந்ததையும் முன்பே கிடந்ததையும் பிரித்தறிய அந்த இரண்டாவது மாதிரி உதவும். சந்தேகத்திற்குரிய வண்டி கிடைத்ததும் அதன் நான்கு டயர்களிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுப்பார்கள். சாலையில் கிடைத்ததையும் டயரில் கிடைத்ததையும் அருகருகே வைத்து ஒப்பிடுவார்கள்.

குற்றவியல் விஞ்ஞானத்திற்காக 1909ஆம் ஆண்டிலேயே ஆர்ச்சிபால்ட் ரெய்ஸ் என்பவர் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். அதே பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு டயர்த் தடங்களைப் பற்றியே தனி ஆராய்ச்சிகள் நடைபெற்றன. டயர்கள் பலவற்றை அவற்றின் ஆவிகளைக் கொண்டே ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரித்துக் காட்ட முடியும் என்பதை அவை காட்டின.

நேயர்களே, இவ்வளவு சொன்ன பிறகு, இனிமேல் ஓடிப்போன ஓட்டுநர் எவரும் தப்ப முடியாது என்று நீங்கள் எண்ணக்கூடும். இந்த இடத்தில்தான் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். இந்தச் சாட்சி பொய் சொல்லாது. ஆனால் தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாது.

தீபாவளிக்குக் கடையில் ஒரே துணிக்கட்டிலிருந்து வெட்டிப் பத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்திருக்கிறார்கள். வேலியில் ஒரு நூல் சிக்கியிருக்கிறது. அது அந்தத் துணியின் நூல்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். பத்துப் பிள்ளைகளில் இன்ன பிள்ளையின் சட்டை என்று அந்த நூலைக் கொண்டு சொல்ல முடியுமா? முடியாது. டயரும் அப்படித்தான். ஒரே பக்குவத்தில் ஒரே தொழிற்சாலை ஆயிரக்கணக்கான டயர்களைச் செய்கிறது. அவை அனைத்தும் ஒரே ஆவியைத்தான் தரும். ஆகவே நேர்மையான இரசாயன நிபுணர் நீதிமன்றத்தில், "சாலையில் இருந்த ரப்பர் இந்த வண்டியின் டயரோடு பொருந்துகிறது" என்றுதான் சொல்வார். "இந்த வண்டியேதான்" என்று சொல்லமாட்டார். எந்த வண்டி என்பதை முடிவு செய்ய, உடைந்த கண்ணாடி, உதிர்ந்த பெயிண்ட், தடத்தின் அகலம், பார்த்தவர் சொல் ஆகியவையும் சேர வேண்டும்.

ஆனால் 'இல்லை' என்று சொல்லும்போது இந்தச் சாட்சியின் குரல் மிகவும் வலுவானது. சாலைக் கோட்டின் ரப்பர் செயற்கை ரப்பர் மிகுந்ததாக இருக்கிறது, பிடிபட்ட லோரியின் எல்லா டயர்களிலும் மரத்துப்பால் ரப்பரே மிகுந்திருக்கிறது என்றால், அந்தக் கோட்டை அந்த லோரி போடவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் லோரியும் பஸ்ஸும் வேனும் ஓட்டிப் பிழைக்கிறார்கள். சாலையில் அடிபடுவதும் நம்மவர், சந்தேகத்தில் பிடிபடுவதும் நம்மவராக இருக்கலாம். குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பதைப் போலவே, குற்றமற்றவனைக் காப்பதும் விஞ்ஞானத்தின் வேலை. அதனால்தான் அதன் எல்லையை அறிந்து அதைப் பயன்படுத்த வேண்டும். பொருந்துகிறது என்ற சொல்லை, நிச்சயம் என்று நாமாகத் திருத்திக்கொள்ளக் கூடாது.

இவ்வளவு நுட்பமான சாட்சியை அழிப்பது மிகவும் எளிது. ஒரு வாளித் தண்ணீர் போதும். விபத்து நடந்தவுடன், பார்க்கச் சகிக்கவில்லை என்று இரத்தத்தைக் கழுவிவிடுகிறோம். மண்ணை அள்ளிப் போடுகிறோம். கூட்டமாக நின்று தடத்தின்மேல் நடக்கிறோம். அடிபட்டவரைக் காப்பாற்றுவதே முதற் கடமை. அதில் ஐயமே இல்லை. ஆனால் அவரை மருத்துவமனைக்கு அனுப்பிய பிறகு, போலீசார் வரும்வரை அந்த இடத்தை மிதிக்காமல் காப்பது நம் இரண்டாவது கடமை. அடிபட்டவர் அணிந்திருந்த துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துவிடக் கூடாது. டயர் ஏறிய துணியில் ரப்பர் ஒட்டியிருக்கும். அதனை உதறாமல் அப்படியே போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும். மழை வரும்போல் இருந்தால், யாரிடமேனும் கைத்தொலைபேசி இருக்கும், கோட்டுக்கு அருகில் ஒரு குடையையோ செருப்பையோ அளவுக்காக வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கோட்டைத் தொடக் கூடாது.

வாகனம் ஓட்டுபவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும், 24 மணி நேரத்திற்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்று கூறுகிறது. பயந்து ஓடுபவன் செய்யாத குற்றத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறான். நின்று உண்மையைச் சொன்னவனுக்குச் சாலையில் உள்ள தடமே துணை நிற்கலாம்.

நேயர்களே, நம் தோட்டத்து ரப்பருக்கும் பரிசோதனைக் கூடத்திற்கும் உறவு புதிதன்று. 1925ஆம் ஆண்டில் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1965ஆம் ஆண்டு முதல், ரப்பரில் எவ்வளவு அழுக்கு, எவ்வளவு சாம்பல் என்று அளந்து தரச்சான்று கொடுத்து விற்கும் முறை வந்தது. அதுவரை கண்ணால் பார்த்து விலை சொன்னார்கள். அதன்பின் அளந்து விலை சொன்னார்கள். கண் மதிப்பீட்டிலிருந்து அளவீட்டுக்கு நகர்ந்த அதே பயணத்தைத்தான் விபத்து விசாரணையும் மேற்கொண்டது.

ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. பிரட்டுக்கு விடியுமுன் எழுந்து ஓடிய தலைமுறை மெல்ல மறைந்து வருகிறது. ஆயினும் உலகத்துச் சாலைகளில் பாரம் இழுத்து ஓடும் சக்கரங்களில் மரத்துப்பால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாலைச் சேர்த்தவர்களுக்கு அது எங்கே போகிறது என்று யாரும் சொன்னதில்லை. அது டயராகிப் பாரம் சுமந்தது. தேய்ந்து விழுந்த இடத்தில் உண்மைக்குச் சாட்சியாகவும் நின்றது. அந்தச் சாட்சியைக் கழுவிவிடாமல் காப்பதும், அது சொல்லும் அளவுக்கு மட்டும் அதை நம்புவதும் நம் பொறுப்பாகும்.